வலது காலில் மட்டும்

ஓட ஆரம்பித்த பதினோராவது நாள் வலி வந்தது. வலது காலில் மட்டும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. ஓட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் வலிக்கும். உடம்பு சூடேறியதும் காணாமல் போகும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுந்தால் மறுபடி இருக்கும். இவ்வளவையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிட்டேன். எதையும் உடனே எழுதி வைப்பது வேலையில் வந்த பழக்கம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தில் கருவிப் பராமரிப்பு என் வேலை. டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தேன். க்ரேன்களின் மோட்டார், கியர்பாக்ஸ், பேரிங் ஒவ்வொன்றும் எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு சூடாகிறது என்று அளந்து பட்டியல் போட வேண்டும். அளவு மீறினால் கண்ட்ரோல் ரூமில் மணி அடிக்கும். நான் போனை எடுத்துச் சொல்வேன். ஓடுவது வேறு யாராவது. மூன்று வருடமாக நான் சொல்லி மற்றவர்கள் ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது நானும் கூட ஓட வேண்டும் என்று இருக்கும்.

அந்த வருடம் முனையம் தனக்கென்று ஓர் அவசரக் குழுவை அமைக்க முடிவு செய்தது. தீ, ரசாயனக் கசிவு, க்ரேன் உயரத்தில் மயங்கியவரைக் கீழே இறக்குவது, எதுவானாலும் முதலில் போகிறவர்கள். ஆறு இடம். நிரந்தர வேலை. பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எழுத்துத் தேர்வில் நான் முதலாவதாக வந்தேன். மீதி இருந்தது ஓட்டம்: இரண்டரை கிலோமீட்டரைப் பதினாறு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அதற்கு எட்டு வாரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை.

எங்கள் ஊர் துறைமுகத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. பழைய ஊரும் மாதா கோயிலும் தெற்குப் பக்கம். நாங்கள் வீடு கட்டியது வடக்கே, உப்பளங்களை ஒட்டிய புது மனையில். நடுவில் இரண்டரை கிலோமீட்டர் மணல். தார் ரோட்டில் விடியுமுன் உப்பு லாரியும் நாயும்தான் இருக்கும் என்பதால் கடற்கரையைத் தேர்ந்தெடுத்தேன். காலை ஐந்து மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, அலை நனைத்து இறுக்கிய மணலில் தெற்கே பார்த்து ஓடுவேன். ஐந்தரை மணிப் பூசைக்கு அம்மா ஸ்கூட்டரில் வந்துவிடுவாள். நான் தலையில் போட்டுக்கொள்ளத் துப்பட்டாவும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவருவாள். பூசை முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டரில் வீடு திரும்புவோம். ஏழரைக்குக் கம்பெனி பஸ். ஒரு நிமிடமும் வீணாகாத ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் வாரம் பாதித் தூரம் ஓடினேன். இரண்டாம் வாரமே முழுத் தூரத்துக்குப் போனேன், வாரத்தில் ஆறு நாளும். ஷூ பாலிடெக்னிக் காலத்தது.

அண்ணன் பைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவன். வலியைப் பற்றிச் சொன்னபோது அவன் காலைப் பார்க்கக்கூட இல்லை. மீன்பெட்டியிலிருந்து ஒரு கட்டி ஐஸை எடுத்துச் சாக்கில் போட்டு உடைத்துக் கொடுத்தான். துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தேன், வலி குறைந்தது. ஆனால் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் மூக்கைச் சுளித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அண்ணன் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டுல ஒரு சீலா மீனு கெடக்கு. ஐஸ்ல வச்சிருக்கோம். நல்ல வெல வந்தா குடுத்துருவோம்."

அம்மாவின் வைத்தியம் சூடான எண்ணெய். கட்டை விரலால் எலும்பை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். மறுநாள் வலி கூடியது. ஓட்டத்தை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. நான்காவது வாரம் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி, ஓடுவதற்கு அரை மணி முன்னால் போட்டுக்கொண்டேன். வலியைப் பத்துக்கு இத்தனை என்று நோட்டில் எழுதிவந்தேன். அந்த வாரக் கட்டங்கள் முழுக்கப் பூச்சியம். பார்க்க நன்றாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வலது காலைத் தரையில் வைத்தேன். கால் நிற்கவில்லை. பஸ் கதவைப் பிடித்துக்கொண்டு, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றேன். தேர்வுக்கு இன்னும் நான்கு வாரம்.

பள்ளிக்கூட விடுதியில் எனக்கு ஒரு வருடம் இளையவள் ஒருத்தி, நாசரேத் பக்கத்துப் பெண், தூத்துக்குடியில் ஓர் எலும்பு டாக்டரின் மருத்துவமனை மாடியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தாள். விடுதியில் ரசத்தில் உப்பு கூடினால் வார்டனிடம் போய்த் துணிந்து கேட்கிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் போனேன்.

"எங்கன வலிக்குன்னு ஒரு வெரலால காட்டுங்கக்கா," என்றாள்.

ஒரு விரலால் காட்ட முடியவில்லை. உள்ளங்கையை வைத்துக் காட்டினேன். அது நல்லது என்றாள். நீளத்துக்கு வலித்தால் எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டியிருக்கிற தசையும் புண்பட்டிருக்கின்றன. ஒரே புள்ளியில் குத்தினாலோ, ஓடாமல் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பிலேயே கீறல் விழுந்திருக்கலாம். சொல்லிக்கொண்டே எலும்பின் ஓரத்தில் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில் என் கால் தானாக இழுத்துக்கொண்டது. அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, கீழே டாக்டரிடம் அனுப்பினாள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், அதனால் இதை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார் டாக்டர்.

திரும்ப மாடிக்குப் போனபோது அவள் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். மாதவிலக்கு சரியாக வருகிறதா, என்ன சாப்பிடுகிறேன், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன். நற்கருணை வாங்குவதற்காக இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றேன். ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதுமே, இரவு முழுக்கப் பட்டினி கிடந்து ஓடச் சொன்னது எந்தச் சாமியார் என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அதுவும் நானே போட்டுக்கொண்ட கணக்கு.

பிறகு நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"இந்தப் பூச்சியம்லாம் என்னது?"

"வலி இல்லாத நாளு."

"மாத்திர போட்ட நாளாக்கா?"

நான் நோட்டுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"க்ரேன்ல அலாரம் அடிச்சா வயர உருவி விட்டுட்டு, ஒண்ணும் இல்லன்னு எழுதுவியளோ?"

அப்படி எழுதினால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து அந்த வாரப் பூச்சியங்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று வாரம் ஓடவே கூடாது என்றாள். வலிக்காத அளவு நடக்கலாம். ஐஸ் வைக்கலாம், தோலில் நேரே படாமல். எண்ணெய் போட்டு எலும்பைத் தேய்க்கக் கூடாது. வாசல்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும், முழங்காலை நீட்டிப் பாதியும் மடக்கிப் பாதியும். ஒட்டிய தசை பலமாக இருந்தால் அதிர்வில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். புது ஷூ வாங்க வேண்டும். திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு நிமிடம் ஓட்டம் ஒரு நிமிடம் நடை. அடி எட்டி வைக்காமல் கிட்டக் கிட்ட வைக்க வேண்டும்.

நான் கணக்குப் போட்டேன். மூன்று வாரம் ஓய்வு போனால் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும். "அதுக்குள்ள முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியாது. ஓடுனா ஓடிருவிய. அதுக்கப்புறம் ஆறு மாசம் படுக்கணும்."

அடுத்த நாள், குழுவுக்கு ஆள் எடுக்கிற மேலாளர் சாரின் அறைக்குப் போனேன். விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிய பக்கத்தில் 'தற்போது காயம் ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் தாளைத் தேடி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழுவதும் படித்தார்.

"யாரும் கேக்கலயேம்மா. நீயா வந்து ஏன் சொல்லுத?"

"க்ரேன் படியில பாதி ஏறும்போது இந்தக் காலு நின்னுட்டுன்னா, எனக்குப் பின்னால வாரவரு என்ன சார் செய்வாரு?"

அவர் பேனாவை எடுத்தார். 'இல்லை' என்பதை அடித்து, பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார். விடுப்பாலும் மருத்துவக் காரணத்தாலும் வர முடியாதவர்களுக்கு, முதல் தேர்வுக்கு மூன்று வாரம் கழித்து இரண்டாவது நாள் ஒன்று உண்டு. அதில் என் பெயரைச் சேர்த்தார்.

"மொத நாள்லயே ஆறு பேரு தேறிட்டா ரெண்டாவது நாளே கெடையாது. தெரியும்லா?"

தெரியும் என்றேன். வெளியே வந்து படியில் இறங்கும்போது வலது காலை முதலில் வைப்பதா இடது காலை முதலில் வைப்பதா என்று யோசித்து நின்றது நினைவிருக்கிறது.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. வேகமாகத் தூரத்தைக் கூட்டியதும், பழைய ஷூவும், பட்டினியும் இரண்டு காலுக்கும் பொது. வலது கால் மட்டும் ஏன்? புது ஷூ வாங்கிய அன்று பழையதைத் தூக்கிப் போடுமுன் மேசைமேல் ஜோடியாக வைத்துப் பின்பக்கமிருந்து பார்த்தேன். இரண்டு ஷூவும் ஒரே பக்கமாக, இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றன. வலது ஷூ உள்ளே சாய்ந்திருந்தது. இடது ஷூ வெளியே சாய்ந்திருந்தது. இரண்டு பேரிங்கும் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் நாங்கள் பேரிங்கைக் குறை சொல்ல மாட்டோம். அது உட்கார்ந்திருக்கிற தளத்தைப் பார்ப்போம். தளம் மணல். அலை நனைக்கிற மணல் எப்போதும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். நான் தினமும் கடலை இடப்பக்கம் வைத்துத் தெற்கே மட்டும் ஓடினேன். வலது கால் எப்போதும் மேட்டில், பாதம் உள்பக்கமாக மடங்கி. திரும்பி வரும்போது சமன் ஆகியிருக்கும். ஆனால் திரும்பி வந்தது ஸ்கூட்டரில்.

பிசியோ பெண்ணுக்குப் போன் செய்தேன். ஷூவைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாள். இதுவும் ஒரு காரணம்தான், இது மட்டும் என்று நினைத்துக்கொண்டு பழையபடி தினமும் ஓடிவிட வேண்டாம் என்றாள். சரிவில் ஓடாமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் ஒருநாள் தெற்கே, ஒருநாள் வடக்கே.

ஓடாத மூன்று வாரத்தில் மூச்சும் இதயமும் பழக்கம் விட்டுப் போகாமலிருக்க, காலில் எடை விழாதபடி ஆழத் தண்ணீரில் ஓடலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் ஊரில் நீச்சல் குளம் கிடையாது, படகு உண்டு. எனக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். அன்றைக்குப் படகில் கை வைக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அண்ணன்தான் வழி சொன்னான்.

"படகு எங்கயும் போவாதும்மா, நங்கூரத்துலதான் கெடக்கும். இவதான் ஓடுவா."

அம்மா யோசித்துப் பார்த்துச் சரி என்றாள். லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை படகில். கால் தரையில் படாத ஆழத்தில் நின்ற இடத்திலேயே ஓடினேன். அண்ணன் படகில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் ஞாயிறு கரையிலிருந்து யாரோ, "ஏலே, அந்தப் புள்ள மூழ்குது," என்று கத்தினார்கள். அண்ணன் தலையைத் தூக்காமலே, "மூழ்கல. அவ ஓடுதா," என்றான். வார நாளில் இரண்டு சாயங்காலமும் அப்படிப் போனேன். வலி என்ற கட்டத்தில் மாத்திரை இல்லாமலே நான்கு, மூன்று, இரண்டு என்று இறங்கியது.

முதல் தேர்வு நாளன்று எனக்குக் கண்ட்ரோல் ரூமில் பணி. யார்டைச் சுற்றிய வட்டச் சாலையில் ஓட்டம் நடந்தது. கேமராத் திரையில் ஓடுகிறவர்கள் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் மறைவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். பன்னிரண்டு பேர் ஓடினார்கள். அவர்களில் ஒரு பெண், சரக்கு ஆவணப் பிரிவில் இருப்பவள். முடிவுக் கோட்டில் நின்ற மேலாளர் சார் நேரத்துக்குள் வந்த ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கியதை நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது ஆளுக்குப் பிறகு நீண்ட இடைவெளி. ஆவணப் பிரிவுப் பெண் கோட்டைத் தாண்டினாள். அவர் கை தூக்கவில்லை. அவளுக்குச் சில விநாடிகள் போதவில்லை. அவளுக்காக வருத்தப்பட்ட அதே நேரத்தில் என் மனம் ஆறிலிருந்து நான்கைக் கழித்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு இடம் மிச்சம் இருந்தது.

அந்த வாரம்தான் திரும்ப ஓட ஆரம்பித்தேன். ஓர் ஓட்டம் வழக்கம்போல் தெற்கே. அடுத்தது வடக்கே, அதற்கு முதலில் அம்மாவோடு ஸ்கூட்டரில் பூசைக்குப் போய்விட்டு, அது முடிந்து வெளிச்சத்தில் வீட்டுக்கு ஓட வேண்டும். ஆறே கால் மணிக்குக் கரையில் படகுகள் வந்து மீன் ஏலம் நடக்கும். ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். பேன்ட் போட்ட பெண் அந்தக் கூட்டத்தின் நடுவே ஓடுவதை அம்மா விரும்பவில்லை. ஒரு காலுக்காக ஊர் வாயில் விழ வேண்டுமா என்று கேட்டாள். அந்த ஒரு காலில்தான் வேலை இருக்கிறது என்றேன். அம்மா துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்தாள்.

"சரி, ஓடு. நான் ரோட்டு வழியா மெல்ல வாரேன்."

முதல் நாள் ஏலக் கூடைகளைச் சுற்றி ஓடியபோது ஒரு பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏளா, யாரு வெரட்டுதா ஒன்னைய?"

"பதினாறு நிமிசம், பெரிம்மா."

இரண்டாவது வாரம் அவர்கள் கூடையை நகர்த்தி வழி விட்டார்கள். மூன்றாவது வாரம் போன தடவையைவிட வெரசா வருகிறாள், இன்றைக்கு நொண்டல் இல்லை என்று அவர்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள். முழுத் தூரத்தை வலியில்லாமல் முடித்தது தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அதுவும் பதினாறரை நிமிடத்தில். அதற்கு மேல் ஓடிப் பார்க்கக் கூடாது என்று பிசியோ பெண் தடுத்துவிட்டாள்.

இரண்டாவது தேர்வு நாளில் நாங்கள் நான்கு பேர். நேரத்துக்குள் முடித்தால் எழுத்துத் தேர்வு மதிப்பெண் என்னைக் காப்பாற்றும். சாலை சமதளம், கல் பதித்தது. முந்தின இரவே ஒன்றை முடிவு செய்திருந்தேன்: வலி மூன்றைத் தாண்டினால் நின்றுவிடுவது. மற்ற மூன்று பேரும் முதல் சுற்றிலேயே முன்னால் போய்விட்டார்கள். கிட்டக் கிட்ட அடி வைத்துப் பின்னால் ஓடினேன். கடைசிச் சுற்றுக்கு முந்தின திருப்பத்தில் காலின் உள்பக்கம் ஏதோ உரசியது. ஒன்று என்று நினைத்தேன். பிறகு இரண்டு. குளிர்பதனக் கன்டெய்னர்களின் இரைச்சலைக் கடந்து, லாரி எடைமேடையைக் கடந்து ஓடும்வரை இரண்டிலேயே நின்றது. முன்னால் போனவர்களில் ஒருவர் நடக்க ஆரம்பித்திருந்தார். அவரைத் தாண்டினேன். பதினைந்து நிமிடம் நாற்பத்தெட்டு விநாடி. மேலாளர் சார் கையைத் தூக்கினார். எதையும் பிடிக்காமல் நின்று மூச்சு வாங்கினேன்.

மறுவாரம் குழுவின் உடுப்பு வாங்க ஸ்டோருக்குப் போனேன். சட்டை, தலைக்கவசம், கையுறை எல்லாம் கிடைத்தன. தீயணைப்பு பூட்ஸ் ஏழாம் நம்பருக்குக் கீழே இல்லை. ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஸ்டோர் அண்ணாச்சி. எனக்குத் தெரியும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, அப்படியென்றால் தாளில் பாதத்தின் அளவை வரைந்து கொடு, கம்பெனிக்கு எழுதி வரவழைப்போம் என்றார். சாயங்காலம் தருகிறேன், நாள் முழுக்க நின்ற பிறகு எடுக்கிற அளவுதான் சரியாக இருக்கும் என்றேன்.

பணி முடிந்து ஸ்டோர் தரையில் தாளை விரித்து அதன்மேல் நின்றேன். ஆவணப் பிரிவுப் பெண் குனிந்து என் பாதங்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது ஓடுவதற்கு அவள் இப்போதே தயாராகிக்கொண்டிருந்தாள். முதல் பாடமாக, தூரத்தை ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். முடித்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தாளின்மேல் ஏறி நின்றாள். நான் பென்சிலை வாங்கிக்கொண்டேன்.

"இந்தப் புள்ள குழுவுல இல்லயே," என்றார் அண்ணாச்சி.

"இப்ப இல்ல அண்ணாச்சி. பூட்ஸ் வர நாளாகும்லா," என்றேன்.

அவர் இரண்டு தாளையும் வாங்கி, ஒன்றின்மேல் ஐந்தாம் நம்பர் என்றும் மற்றதன்மேல் ஆறாம் நம்பர் என்றும் எழுதி, ஆர்டர் நோட்டுக்குள் வைத்தார்.